நியமனத் திகதியும் மூப்பு எண்ணும்: விமான நிறுவனத்தில் புதிதாகச் சேரும் விமானிக்கான முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பில் ஆசிரியர் நியமனம் பெற்ற எவருக்கும் சேவை மூப்பு என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. முதல் நியமனம் பெரும்பாலும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில்தான் கிடைக்கின்றது. விடிகாலையில் குருக்கள்மடத்துப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், மோட்டார் சைக்கிளை ஏற்றி, அம்பிளாந்துறையில் இறங்கிச் சில ஆண்டுகள் கற்பித்து, இடமாற்றப் பட்டியலில் பெயர் மேலே வந்த பின்னரே கிழக்குக் கரையான எழுவான்கரையில் பாடசாலையொன்று கைக்கு எட்டுகின்றது. அவ்வாறு கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற நான், விமானியின் தொழில் வாழ்வும் ஏறத்தாழ இதே ஒழுங்கில் நகர்கின்றது என்பதை என் தங்கையின் மகன் துணை விமானியாக நியமனக் கடிதம் பெற்ற காலத்தில்தான் அறிந்துகொண்டேன். ஒரே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஆசிரியர் ஒரு வலயத்திலிருந்து இன்னொரு வலயத்திற்கு மாறினாலும் அவருடைய சேவைக்காலம் அவருடனேயே போகின்றது. விமானி ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றில் சேர்ந்தால், பத்தாயிரம் மணிநேரம் பறந்தவராயினும், பெரும்பாலான நிறுவனங்களில் மூப்புப் பட்டியலின் கடைசியில் இருந்தே தொடங்குகின்றார்.

வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்தை முடித்து, கையில் ஒரு நியமனக் கடிதத்துடனோ அல்லது இரண்டில் எதை ஏற்பது என்ற குழப்பத்துடனோ நிற்கும் இளைஞர்களுக்கும், அவர்களுக்காகப் பிணைக் கையொப்பமிடும் பெற்றோருக்கும் மாமன்மாருக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகின்றது.

முதலாம் படி: மூப்பு எண் எதையெல்லாம் தீர்மானிக்கின்றது என்பதை அறிதல்

நிறுவனத்தில் மிக நீண்ட காலம் இருக்கும் விமானி 1ஆம் எண். நேற்றுச் சேர்ந்தவர் கடைசி எண். மேலே ஒருவர் ஓய்வு பெற்றாலும், விலகினாலும், மருத்துவத் தகுதியை இழந்தாலும் அவருக்குக் கீழுள்ள அனைவரும் ஒரு படி ஏறுகின்றனர். எந்த நகரத்தைத் தளமாகக் கொண்டு பறப்பது, எந்த வகை விமானத்தில் பறப்பது, வலது இருக்கையில் துணை விமானியாகவா இடது இருக்கையில் கப்டனாகவா அமர்வது, அடுத்த மாதப் பணிப்பட்டியலில் எந்தப் பயணங்கள் கிடைப்பது, விடுமுறை எந்தக் கிழமையில் அமைவது, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வீட்டுக்குப் போவது என்பன எல்லாம் இந்த ஓர் எண்ணைச் சுற்றியே அமைகின்றன. சம்பளம் மட்டும் பல இடங்களில் தனிக் கணக்கு: அது சேவை ஆண்டுகள், இருக்கை, விமான வகை ஆகியவற்றைப் பொறுத்தது.

திறமையைப் பார்க்காமல் திகதியைப் பார்க்கும் இந்த முறை அநீதியானது என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் அதற்கொரு காரணம் உண்டு. அமெரிக்காவில் விமானிகள் சங்கம் 1931இல் உருவான காலத்தில், மோசமான வானிலையிலும் பறக்குமாறு நிறுவனங்கள் விமானிகளை நெருக்குவது வழக்கமாக இருந்தது. மறுத்தவருக்கு அடுத்த பதவி உயர்வு கிடைக்காது. மேலதிகாரியின் விருப்பு வெறுப்பு தொட முடியாத ஒன்றாகச் சேர்ந்த திகதி இருந்ததால், "இன்று பறக்க மாட்டேன்" என்று சொல்லும் துணிவை அது விமானிக்குக் கொடுத்தது. அந்த வகையில் மூப்புப் பட்டியல் பயணிகளின் பாதுகாப்புக்கும் உரியது.

இரண்டாம் படி: கிடைக்கும் முதல் திகதியில் சேர்தல்

என் மருமகனுக்கு வந்த கடிதத்தில் இரண்டு பயிற்சி வகுப்புகளின் திகதிகள் தரப்பட்டிருந்தன. இரண்டுக்கும் இடையில் மூன்று கிழமை. அவனுடைய அக்காவின் கலியாணம் அந்த இடைவெளிக்குள் வந்தது. கல்லடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு, "மூணு கிழமைதானே மாமா, அதுல என்ன கிடக்கு?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு எனக்கும் அப்போது விடை தெரியாது. அதே நிறுவனத்தில் பறந்துகொண்டிருந்த ஒருவரைத் தொலைபேசியில் கேட்டபோது, அவர் யோசிக்காமலே, "கலியாண வீடியோவை அனுப்பச் சொல்லுங்க" என்றார். தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவன் முதல் வகுப்பில் சேர்ந்தான். இரண்டு வகுப்புகளிலும் சேர்த்து இருபத்தாறு பேர். ஒன்றரை ஆண்டு கழித்து, நெடுந்தூர விமானங்களுக்குத் துணை விமானிகள் தேவை என்று அறிவிப்பு வந்தபோது, தெரிவு முதல் வகுப்போடு நின்றுவிட்டது.

ஒரே நாளில் ஒரே வகுப்பில் சேர்வோருக்கிடையே யார் முன், யார் பின் என்பதற்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு விதி உண்டு. சில இடங்களில் வயதில் மூத்தவர் முன்னே வைக்கப்படுகின்றார். சில இடங்களில் சீட்டுக் குலுக்குகின்றனர். வேறு சிலவற்றில் அடையாள இலக்கத்தின் கடைசி எண்களையோ பயிற்சிப் புள்ளிகளையோ பார்க்கின்றனர். புள்ளிகளைப் பார்க்கும் நிறுவனமாயின் முதல் பரீட்சையிலிருந்தே அது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே சேரும் முன்னர் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூப்பு எந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகின்றது என்பதையும் கேளுங்கள். வகுப்பில் அமர்ந்த நாளா, விமான வகைப் பயிற்சி முடிந்த நாளா, பயணிகளுடன் பறக்கும் பயிற்சியின் இறுதிச் சோதனையில் சித்தியடைந்த நாளா? கடைசியாகச் சொன்னதாயின், சிமியுலேட்டர், அதாவது தரையிலிருந்தே பறப்பைப் பயிலும் பாவனை இயந்திரம், கிடைக்காமல் இரண்டு மாதம் தாமதித்தவர், தன்மீது தவறில்லாமலே பின்தள்ளப்படக் கூடும்.

மூன்றாம் படி: எந்த வகை ஒழுங்கு என்று அடையாளங் காணுதல்

உலகெங்கும் ஒரே முறை இல்லை. வட அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் தொழிற்சங்க ஒப்பந்தப்படி மூப்பு கண்டிப்பாகப் பின்பற்றப்படுகின்றது. பழைய ஐரோப்பிய தேசிய நிறுவனங்கள் பலவும் இதற்கு நெருக்கமானவை. ஆசியாவில் பரவலாகக் காணப்படுவது கலப்பு முறை: மூப்பு வரிசைப்படி அழைப்பார்கள், ஆனால் அழைக்கப்பட்டவர் மணிநேரம், சிமியுலேட்டர் பதிவுகள், ஒழுக்கப் பதிவு, நேர்முகம் ஆகியவற்றைத் தாண்ட வேண்டும். தொழிற்சங்கத்துக்கு இடமில்லாத வளைகுடா நாடுகள் சிலவற்றில் நிறுவனமே விதியை எழுதுகின்றது. தேவைப்பட்டால் மாற்றியும் எழுதுகின்றது. ஒப்பந்த அடிப்படையில் வெளியிலிருந்து நேரடியாகக் கப்டன்களைச் சேர்க்கும் நிறுவனங்களும் உண்டு. அந்த வழக்கம் இருக்கும் இடத்தில், உங்களுக்கு முன்னால் இருப்பவர்களை எண்ணுவதில் பெரிய பயனில்லை, ஏனெனில் நாளை உங்களுக்கு மேலே புதியவர் ஒருவர் வந்து அமரலாம். நேர்முகத்தில் கேட்கத் தகுந்த மிக முக்கியமான கேள்வி, என் கருத்தில், "கடந்த ஐந்து ஆண்டுகளில் வெளியிலிருந்து கப்டன்களைச் சேர்த்தீர்களா?" என்பதே.

நான்காம் படி: பத்து ஆண்டு கழித்து எங்கே நிற்பீர்கள் என்று கணக்கிடுதல்

பெரும்பாலானோர் முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்து நிறுவனத்தைத் தெரிகின்றனர். கணித ஆசிரியராக நான் பரிந்துரைப்பது வேறு. ஒரு கொப்பித் தாளும் பேனாவும் போதும்.

கற்பனையாக ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதனிடம் 20 குறுந்தூர விமானங்கள் உள்ளன. ஒரு விமானத்துக்கு 5 கப்டன்களும் 5 துணை விமானிகளும் என்று வைத்தால் 100 கப்டன்கள், 100 துணை விமானிகள். நீங்கள் 200ஆம் எண்ணில் சேர்கின்றீர்கள். எல்லோரும் தம் முறை வரும்போது கப்டன் பதவியை ஏற்றுக்கொள்வார்கள் என்று கொண்டால், நீங்கள் 100ஆம் எண்ணை எட்டும்போது இடது இருக்கை திறக்கும்.

அடுத்து உங்களுக்கு மேலுள்ளவர்களின் வயதைப் பாருங்கள். சர்வதேச வர்த்தகப் பறப்பில் விமானிக்கான வயதெல்லை 65. இன்று 55 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடையோர் 38 பேர் என்றால், பத்து ஆண்டுகளில் அந்த 38 பேரும் போய்விடுவார்கள். நீங்கள் 162இல் நிற்பீர்கள். இன்னும் 62 இடம் மிச்சம். நிறுவனம் இதற்கிடையே 5 விமானங்களை வாங்கினால் கப்டன் இடங்கள் 125 ஆகின்றன. ஆனாலும் 37 இடம் குறைகின்றது. உங்களுக்கு மேலிருந்து ஆண்டுக்கு 4 பேர் வேறு நிறுவனங்களுக்குப் போனால், பத்து ஆண்டில் 40 பேர். நீங்கள் 122ஆம் எண்ணுக்கு வந்து, பத்தாம் ஆண்டில் மூன்றே இடங்கள் மிச்சமிருக்க உள்ளே நுழைகின்றீர்கள். மாறாக நிறுவனம் 3 விமானங்களைத் திருப்பிக் கொடுத்தால் எல்லை 85க்கு இறங்கி, அதே பத்தாம் ஆண்டில் 37 இடம் பின்தங்கி நிற்பீர்கள்.

உங்களுக்குக் கீழே இருப்பவர் விலகினால் உங்கள் எண் அசையாது. மேலிருந்து போகின்றவர்கள் மட்டுமே கணக்கில் வருகின்றனர். ஆயினும் உங்களுக்குப் பின்னால் புதியவர்கள் சேரச் சேர, மாதாந்தப் பணிப்பட்டியலில் உங்கள் நிலை உயர்கின்றது. 25 விமானங்களும் 250 விமானிகளும் உள்ள நிறுவனத்தில் 122ஆம் எண் என்பது மேல் பாதிக்குள் அடங்குகின்றது. எனவே முழு எண்ணையும் வீத நிலையையும் இரண்டு நிரல்களாகப் பிரித்தே எழுதுங்கள்.

இந்தக் கணக்கில் பறப்பு மணிநேரத்தை நான் சேர்க்கவில்லை. வர்த்தக அனுமதிப்பத்திரத்துக்கு ஏறத்தாழ 200 மணிநேரமும், கப்டனாவதற்கு வேண்டிய உயர் அனுமதிப்பத்திரத்துக்கு 1,500 மணிநேரமும் தேவை. ஆண்டுக்கு 650 மணிநேரம் பறக்கும் ஒருவர் இரண்டு ஆண்டில் அதை எட்டிவிடுகின்றார். தாமதம் மணிநேரத்தால் அன்று, முறை வராமையால் ஏற்படுகின்றது.

ஐந்தாம் படி: முதல் ஆண்டைக் கடத்தல்

தகுதிகாண் காலம் பெரும்பாலும் ஓராண்டு. அந்த ஆண்டில் தொழிற்சங்கம் உள்ள இடத்திலும் அதன் பாதுகாப்பு முழுமையாக இராது. நேரத்துக்குப் போதல், நடைமுறைகளை வரி பிசகாமல் சொல்லுதல், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளுதல் ஆகியவற்றைத் தவிர இங்கு வேறு தந்திரம் இல்லை.

பொண்ட் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விமான வகைப் பயிற்சிக்கான செலவை நிறுவனம் ஏற்றால், சில ஆண்டுகள் விலக மாட்டேன் என்று எழுதி வாங்குகின்றது. மீறினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். மருமகனுடைய பொண்டில் இரண்டு பிணையாளிகளில் ஒருவன் நான் என்பதால் அதை மூன்று முறை வாசித்தேன். தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றதா, அல்லது கடைசி நாள் வரை முழுத் தொகையா? நிறுவனமே ஆட்குறைப்புச் செய்தாலும் கட்ட வேண்டுமா? மருத்துவத் தகுதியை இழந்தால் என்ன? இரண்டாவது விமான வகைக்கு மாறும்போது புதிய பொண்ட் பழையதன் மேல் ஏறுமா? இந்த நான்குக்கும் விடை தெரியாமல் எந்தப் பிணையாளியும் கையொப்பமிடக் கூடாது.

ஆறாம் படி: காத்திருப்புப் பணியையும் விடுமுறையையும் கையாளுதல்

கடைசி எண்ணில் இருப்பவருக்கு நிலையான பயணங்கள் கிடைப்பதில்லை. காத்திருப்புப் பணி, அதாவது ஸ்டான்ட்பை, கிடைக்கின்றது. தொலைபேசி அடித்தால் குறித்த நேரத்துக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். எனவே இலங்கை நிறுவனமொன்றில் சேர்ந்தாலும் முதல் சில ஆண்டுகள் கொழும்பு விமான நிலையம் அமைந்துள்ள கட்டுநாயக்கவுக்கு அண்மையில் வாடகை அறை எடுப்பதே வழி. வலையிறவுப் பாலத்துக்கு அருகே எமக்கும் ஒரு விமான நிலையம் உண்டு, சிறிய செஸ்னா விமானங்களும் அங்கே இறங்கியிருக்கின்றன என்பது மனதுக்கு இதமான செய்திதான். ஆனால் ஜெட் விமானியின் தளமாக அது அமையும் என்று எண்ணி வீட்டுக்குப் பக்கத்தில் வேலை என்று கனவு காண வேண்டாம்.

விடுமுறை விண்ணப்பத்தில் ஒரு நுணுக்கம் இருக்கின்றது. டிசெம்பர் கடைசி, பாடசாலை விடுமுறைக் காலம், பெருநாட்கள் ஆகியவற்றை மூத்தவர்கள் முதலில் எடுத்துவிடுவார்கள்; அவற்றைப் புதியவர் கேட்பது வீண். ஆனால் பல நாட்டவர் பணிபுரியும் நிறுவனத்தில் மாமாங்கேஸ்வரர் ஆலயத்து ஆடி அமாவாசைத் தீர்த்தத்தை வேறு எவரும் கேட்கப் போவதில்லை. ஐரோப்பியருக்கு அது கோடை விடுமுறைக் காலமாக இருப்பதால் முழுக் கிழமையையும் கேட்டால் கிடைக்காது. மூன்று நாள் கேட்டால் கிடைக்கலாம். கடைசி எண்ணில் இருந்துகொண்டே மருமகன் இரண்டு முறை தீர்த்தத்துக்கு வந்து போனான். டிசெம்பரில் ஒருமுறையும் வரவில்லை.

ஏழாம் படி: முறை வந்தவுடன் கப்டனாக வேண்டுமா என்று தீர்மானித்தல்

முறை வந்தால் ஏற்பதுதானே என்று தோன்றும். எங்கள் ஊரில் அதிபர் பதவி கிடைத்தும், தூரத்துப் பாடசாலை என்பதால் நகரத்தில் ஆசிரியராகவே இருந்துவிட்ட பலரை நான் அறிவேன். விமானிகளிடையேயும் இது உண்டு. துணை விமானிகளில் முதல் பத்துக்குள் இருப்பவர் விரும்பிய பயணத்தையும் விரும்பிய விடுமுறையையும் பெறுகின்றார். கப்டனான மறுநாள் அவர் கப்டன்களின் வரிசையில் கடைசி ஆள்: மீண்டும் ஸ்டான்ட்பை, மீண்டும் நள்ளிரவுப் பயணம், சில வேளைகளில் வேறு நகரத்துத் தளம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இது சிறிய விடயமன்று.

மறுபக்கம், கப்டனாகப் பறந்த மணிநேரமே வெளிச்சந்தையில் விலைபோகும் பொருள். நிறுவனம் தளர்ந்தால், இடது இருக்கையில் ஆயிரம் மணிநேரம் உள்ளவருக்கு வேறு கதவுகள் திறக்கின்றன. வலது இருக்கையிலேயே மூத்தவராக இருந்தவருக்கு அவ்வளவு திறப்பதில்லை. உறுதியான நிறுவனத்தில் இருப்பவர் ஓரிரு ஆண்டு தள்ளிப்போடலாம்; ஆட்டங்காணும் நிறுவனத்தில் இருப்பவர் முதல் வாய்ப்பையே பிடிக்க வேண்டும் என்பது என் எண்ணம். எதைச் செய்தாலும், மறுத்தவருக்கும் பயிற்சியில் தவறியவருக்கும் அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்ற விதியை முதலில் வாசியுங்கள்.

எட்டாம் படி: பட்டியலையே குலைக்கும் நிகழ்வுகளை அறிந்திருத்தல்

முதலாவது ஆட்குறைப்பு. உன்னிச்சைக் குளத்தில் நீர் குறைந்து சிறுபோகச் செய்கை மட்டுப்படுத்தப்படும்போது, வாய்க்காலின் கடைசியில் உள்ள வயல்களே பெரும்பாலும் முதலில் விடுபடுகின்றன. மூப்பு முறையிலும் அவ்வாறே, கடைசியில் சேர்ந்தவர் முதலில் அனுப்பப்படுகின்றார். மீள அழைக்கும்போது அதே வரிசையில் மேலிருந்து அழைக்கின்றனர். 2020இல் கொரோனா காலத்தில் உலகெங்கும் இதைக் கண்டோம். நிறுவனமே மூடப்பட்டால் எண்ணும் அத்துடன் போய்விடுகின்றது. ஹொங்கொங்கின் கதே டிராகன் அவ்வாண்டு ஒக்டோபரில் அப்படித்தான் மறைந்தது.

இரண்டாவது ஓய்வு வயது மாற்றம். அமெரிக்காவில் 2007 டிசெம்பரில் எல்லை 60இலிருந்து 65 ஆக உயர்ந்தபோது, அடுத்த ஆண்டு போக வேண்டிய மூத்தவர்கள் ஐந்து ஆண்டு தங்கிவிட்டனர்; கீழே இருந்தவர்களின் ஏணி அவ்வளவு காலமும் அசையவில்லை. இப்போது 67 ஆக்க வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்துள்ளது. நான்காம் படியின் கணக்கில் அந்த 38 பேரை 67 வயது வரை இருத்திப் பார்த்தால் உங்கள் பத்தாம் ஆண்டு என்னவாகும் என்பது விளங்கும்.

மூன்றாவதும் மிகக் கசப்பானதும் இணைப்பு. இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகும்போது இரண்டு பட்டியல்களையும் எப்படிப் பின்னுவது? 2005இல் யூ.எஸ். எயார்வேய்ஸ், அமெரிக்கா வெஸ்ட் என்ற இரு அமெரிக்க விமான நிறுவனங்கள் இணைந்தபோது, முன்னைய நிறுவனத்தின் விமானிகள் சேர்ந்த திகதிப்படி வேண்டும் என்றனர். பின்னையவர்கள் இணைப்பு நாளில் அவரவர் வகித்த நிலைப்படி வேண்டும் என்றனர். 2007இல் நடுவர் வழங்கிய தீர்ப்பில், நீண்ட சேவை இருந்தும் ஆட்குறைப்பில் வெளியே நின்றவர்கள், அண்மையில் சேர்ந்து பறந்துகொண்டிருந்த மற்றைய நிறுவனத்தாருக்குக் கீழே வைக்கப்பட்டனர். கோபமுற்ற யூ.எஸ். எயார்வேய்ஸ் தரப்பினர் பழைய சங்கத்தையே மாற்றிவிட்டனர். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. இந்தியாவிலும் 2007இல் எயார் இந்தியாவும் இந்தியன் எயார்லைன்ஸும் இணைக்கப்பட்ட பின்னர், புதிய போயிங் 787 விமானத்தில் யாருக்குப் பயிற்சி என்ற பிணக்கு 2012இல் நீண்ட வேலைநிறுத்தமாக வெடித்தது. இணைப்புப் பேச்சு அடிபடும் நிறுவனத்தில் சேர்பவர், ஆட்குறைப்புப் பட்டியலில் வெளியே நிற்பதைவிடக் கீழ்நிலையிலேனும் பறந்துகொண்டிருப்பது பாதுகாப்பானது என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஒன்பதாம் படி: விலகுவதாயின் விரைவில் விலகுதல்

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இலங்கையிலிருந்து பல விமானிகள் வளைகுடாவுக்கும் வேறு நாடுகளுக்கும் போயினர். போனவர்கள் புதிய இடத்தில் கடைசி எண். தங்கியவர்களுக்கோ, போனவர்களின் இடங்கள் காலியானதால், வரிசை வழமையைவிட வேகமாக நகர்ந்தது. எவர் சரி என்று சொல்ல நான் முற்படவில்லை. ஆனால் எண்ணைத் துறப்பதன் விலை ஒவ்வோர் ஆண்டும் ஏறுகின்றது. மூன்றாம் ஆண்டில் மாறுபவர் இழப்பது சிறிது; பதினைந்தாம் ஆண்டில் மாறுபவர் மேல் பாதியில் இருந்த இடத்தை விட்டுத் தன் மகன் வயதுடையோருக்குப் பின்னால் நிற்கின்றார். பொண்ட் முடியும் மாதத்தையும், விலகல் அறிவித்தல் காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். இந்தியாவில் 2017இல் வந்த விதிப்படி கப்டன் ஒருவர் ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவித்தல் தர வேண்டும்.

நீண்ட மருத்துவ விடுமுறையிலும் மகப்பேற்று விடுமுறையிலும் மூப்பு தொடர்ந்து ஓடுமா, நிற்குமா என்பதைப் பெண் விமானிகள் மட்டுமல்ல, எல்லோரும் ஒப்பந்தத்தில் தேடிப் பார்க்க வேண்டும். முதல்தர மருத்துவச் சான்றிதழ் ஒரு கண் பரிசோதனையிலோ இதயத் துடிப்புப் பதிவிலோ நின்றுவிடக் கூடியது. அதற்கான காப்புறுதியை இளவயதில் எடுத்தால் கட்டணமும் குறைவு.

இறுதியாக ஓர் அலுவலக வேலை. நிறுவனம் மூப்புப் பட்டியலை வெளியிடும் ஒவ்வொரு முறையும் அதன் பிரதியொன்றைச் சேமித்து, உங்கள் பெயர், சேர்ந்த திகதி, உங்களுக்கு நேர் மேலும் கீழும் உள்ள பெயர்கள் ஆகியவற்றைச் சரிபாருங்கள். ஆட்சேபனை தெரிவிக்கக் குறுகிய காலமே தரப்படுகின்றது. அது கடந்தால் பிழையே நிரந்தரமாகிவிடும். மருமகனின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்த திகதி பதினொரு நாள் பிந்திப் பதிவாகியிருந்தது. நியமனக் கடிதத்தின் பிரதி எங்கள் வீட்டு அலுமாரியில் பிணைப் பத்திரத்தோடு இருந்ததால், அன்றிரவே படமெடுத்து அனுப்பினேன். நான்கு நாளில் திருத்திவிட்டார்கள்.